விஷத்துக்கு நாற்றம் சேர்த்த வடிவேல்

பர்மாவில், தாகேதா பகுதியில் எங்கள் தெருவின் கடைசி மரவீடு வடிவேலுடையது. அவரோடு பேசிப் பழகாதவர்களும் அவருடைய மூக்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். டீக்கடையில் கோப்பையை வைத்தால், குடிப்பதற்கு முன் அதன் விளிம்பை முகர்ந்து பார்ப்பார். கல்யாண வீட்டுப் பந்தியில் குழம்பு வாளி பக்கத்தில் வந்ததுமே முகம் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். பேருந்தில் அருகில் உட்கார்ந்தவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை முகமும் மறைக்காது. "இந்த மூக்குக்குத் தனியா ஒரு இலை போட்டாத்தான் இவரை விருந்துக்குக் கூட்டிட்டுப் போக முடியும்" என்று அவர் மனைவி தைலம்மாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

இத்தனைக்கும் அவர் தாத்தா இந்த ஊருக்குக் கப்பலேறி வந்ததே நகராட்சியில் மலவாளி சுமக்கத்தான். அப்பா சாக்கடை வாரினார். இரண்டு பேரும் வேலை முடிந்து கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தால், இலையில் இருப்பதை ஒருநாளும் முகர்ந்து பார்த்ததில்லையாம். "அவங்க மோக்காம விட்டதையெல்லாம் சேத்து வெச்சு நான் மோந்து தீக்கறேன்" என்பார் வடிவேல்.

அந்த மூக்குக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் அலோன் துறைமுகப் பக்கத்து அரிசிக் கிடங்கு. இளவயதில் அங்கே மூட்டைகளுக்கு வண்டு விழாமல் விஷப்புகை போடும் வேலை பார்த்தார். மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி, உள்ளே வில்லைகளை வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அந்தப் புகைக்கு ஒரு வாடை உண்டு. வெள்ளைப்பூண்டும் அழுகின மீனும் சேர்ந்தாற்போல் இருக்கும். தார்ப்பாயில் எங்காவது ஓட்டை விழுந்து புகை கசிந்தால் முதலில் வடிவேல்தான் கத்துவார். மற்றவர்கள் அவர் பின்னால் ஓடுவார்கள். "அந்த நாத்தம் இருந்ததாலதான் நாங்கள்லாம் உசிரோட இருக்கோம்" என்று பிற்காலத்தில் எங்களிடம் சொல்வார்.

கிடங்கு மூடப்பட்ட பிறகு கொஞ்சநாள் சும்மா இருந்தார். பிறகு பஸுண்டாங் ஓடைக்கரையில் எழும்பியிருந்த ஒரு கொண்டோவில் தோட்டவேலை கிடைத்தது. பளபளவென்று கண்ணாடி போட்ட அடுக்குமாடி. நல்ல வேலைதானே என்று நாங்கள் நினைத்தோம். அவரோ தினமும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வீடு திரும்பினார். வரவேற்புக் கூடத்தில் செயற்கை மல்லிகை வாசனை, நீச்சல் குளத்தில் குளோரின், மின்சாரம் போகும்போதெல்லாம் ஜெனரேட்டரின் டீசல் புகை. இவற்றைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். குப்பை அறையைத்தான் அவரால் பொறுக்கவே முடியவில்லை. பிரிக்கப்படாத உணவுப் பொட்டலங்கள், ஒரு கடி கடித்துப் போட்ட கோழித்துண்டுகள், கட்டோடு அழுகிய காய்கறிகள் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். "கீரைக்கட்டு விலை கேட்டா இங்க நம்ம பொம்பளைங்க திரும்பி நடக்கறாங்க. அங்க முழு முட்டைக்கோசு புழுத்துக் கெடக்குது. எனக்கு நாத்தம் மூக்குல ஏறல, வயித்துல ஏறுது" என்றார் ஒருமுறை.

அந்த வளாகத்தில் அவர் மூச்சுவிட்டு உட்கார்ந்த இடம் ஒன்றுதான். கட்டடத்துக்குப் பின்னால் இன்னொரு கட்டடம் கட்டுவதற்கென்று விட்டிருந்த வெற்றிடம் அது. நாட்டு நிலைமை கெட்டதும் கட்டட வேலை நின்றுபோய், அடித்தளக் கம்பிகள் துருப்பிடித்து நின்றன. ஒரு பக்கம் நீச்சல் குளத்தின் மதில், எதிர்ப்பக்கம் ஓடை, தெருப் பக்கம் கிழிந்த தகரவேலி. மழை பெய்து ஓய்ந்ததும் அந்த மண்ணை யாரும் கேட்காமலே பச்சை மூடிவிட்டது. ஓடையோரம் பொன்னாங்கண்ணி. மற்ற இடமெல்லாம் மூக்குத்திப்பூவும் முயல்செவியும்.

முயல்செவியைப் பார்த்திருப்பீர்கள், பெயர் தெரியாமலிருக்கலாம். முயலின் காது மாதிரி தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் இலை. மெலிந்த காம்பின் உச்சியில் ஊதா நிறத்தில் சின்னக் குஞ்சம். அது முற்றியதும் வெள்ளைப் பஞ்சாக விரிந்து, விதையைத் தூக்கிக்கொண்டு காற்றில் போய்விடும். பூக்கும் முன்னே பறித்தால் நல்ல கீரை. பர்மியர்கள் லேசாக வேகவைத்து, ஙப்பி என்கிற மீன் ஊறலைத் தொட்டுக்கொண்டு தின்பார்கள். நம் வீடுகளில் பூண்டு தட்டிப் போட்டு வதக்குவோம். தொண்டை கட்டினால் கஷாயம் வைப்பவர்களும் உண்டு.

வடிவேல் மதியச் சோற்றை அங்கேதான் பிரிப்பார். சில்லைக் குருவிகள் கூட்டமாக வந்து முயல்செவிக் காம்பில் உட்காரும். காம்பு வளைந்து தரையைத் தொடும். அப்படியே தொங்கிக்கொண்டு பஞ்சைப் பிய்த்து எறிந்து விதையைத் தின்னும். மூக்குத்திப்பூவைச் சுற்றிக் கொசு அளவுக்குச் சின்னத் தேனீக்களும் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளும் மொய்க்கும். குளிர்காலத்தில் அந்தப் பக்கத்தில் அவற்றுக்கு வேறு பூவே கிடையாது. கொண்டோவின் முன்வாசலில் தொட்டி தொட்டியாக வைத்திருந்த வெளிநாட்டுப் பூக்களை ஒரு தேனீயும் எட்டிப் பார்த்ததில்லை.

காலை நேரத்தில் பெண்கள் தகரவேலி வழியாக நுழைந்து கீரை பறிப்பார்கள். அவர்களில் ஒருத்தி ஜஸீலா. தாமுவேயில் அவள் கணவன் துணிக்கடை வைத்திருந்தான். கடை நொடித்ததும் அவன் படுத்துவிட்டான், இவள் எழுந்துவிட்டாள். பறித்த கீரையைக் கூறு கட்டித் தாமுவே தெருமுனையில் விற்பாள். காவலாளி விரட்ட வரும்போது வடிவேல் குறுக்கே நின்று, "களை எடுக்கத்தான் நான் வரச் சொன்னேன்" என்று சமாளிப்பார். அந்தப் பழக்கத்தில் அவரை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

தடிஞ்சுட் விளக்குத் திருவிழா முடிந்த சமயம், மேலாளர் வடிவேலைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மேலாளர் பெயர் தனசேகரன். தமிழர்தான். அலுவலகக் கதவில் பர்மியப் பெயர் எழுதியிருக்கும். எல்லோரும் ஊ தான் ஸின் என்றுதான் கூப்பிடுவார்கள். வடிவேல் மட்டும் ஸயா என்பார், பர்மியில் ஐயா என்கிற மாதிரி. கட்டளை போடும்போது பர்மியில் பேசுவார், காரியம் ஆக வேண்டுமென்றால் தமிழுக்கு வருவார். அன்று தமிழில் ஆரம்பித்தார்.

"வாங்க வடிவேல், உக்காருங்க. பின்னாடி எடத்துல அந்தப் பஞ்சுக் களை இருக்குல்ல, அதை ஒழிக்கணும். நீச்சல் குளத்துல வந்து வுழுதாம். பால்கனியில காயப் போட்ட துணியிலெல்லாம் ஒட்டுதாம். நாலாம் மாடி அம்மா தினமும் போன் பண்ணி உசிர எடுக்கறாங்க."

"அறுத்து விட்டுர்றேன் ஸயா."

"அறுத்தா திரும்ப மொளைக்கும். மருந்து அடிச்சிருங்க. வாங்கி வெச்சாச்சு. மொதல்ல மதில் பக்கம் அடிங்க, அடுத்த வாரம் ஓடைப் பக்கம்."

பேசிக்கொண்டே தனசேகரன் ஒரு கண்ணாடிக் குவளையிலிருந்து மஞ்சளாக எதையோ குடித்தார். முகம் கோணியது. மேசைமேல் தேநீர்ப் பொட்டலம் ஒன்று இருந்தது. அதன்மேல் ஒரு மஞ்சள் பூவும், பக்கத்தில் உருண்டையாக வெள்ளைப் பஞ்சும் அச்சடித்திருந்தது.

"இது என்ன ஸயா?"

"டேன்டலியன். குளிர் தேசத்துப் பூ. ஈரலுக்கு நல்லதாம். வெலையைக் கேட்டா மயக்கம் வரும்."

வடிவேல் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். "நம்ம முயல்செவிக்குச் சொந்தக்காரனாட்டம் இருக்கே. பஞ்சு அப்படியேதான் பறக்குது."

"அது மூலிகைய்யா. இது களை" என்று தனசேகரன் பொட்டலத்தை வாங்கி இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார்.

"பொம்பளைங்க அந்த எலையைப் பறிச்சுட்டுப் போயி விக்கறாங்க ஸயா. மருந்து அடிச்சா ஒரு போர்டு வைக்கணும்."

தனசேகரன் பர்மிக்கு மாறினார். போர்டெல்லாம் கூடாது, வளாகத்துக்குள் விஷம் என்று எழுதி வைத்தால் மிச்சமிருக்கிற வீடுகளை எவன் வாங்குவான், வேலி தாண்டி வருவதே திருட்டு, திருடித் தின்றால் அது தின்கிறவன் பாடு என்று சொல்லி முடித்தார்.

மறுநாள் விடியும்போது வடிவேல் டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு மதில் பக்கம் முழுவதும் மருந்து அடித்தார். கேனைத் திறந்ததும் வழக்கம்போல முகர்ந்து பார்த்தார். சோப்புத் தண்ணீர் மாதிரி மெல்லிய ஏதோ ஒன்று, அவ்வளவுதான். கலக்கி அடித்ததும் அதுவும் இல்லை. இலைகள்மேல் பனித்துளியைப் போல நின்றது. அவருக்கு அதுதான் குமட்டியது. "கக்கூஸ் நாத்தத்தைக்கூடத் தாங்கிக்கலாம். இது நல்ல தண்ணியாட்டம் நடிக்குது" என்று என்னிடம் சொன்னார்.

ஜஸீலா வந்ததும் வேலியருகிலேயே நிறுத்தினார்.

"தங்கச்சி, மதில் பக்கம் போகாத. மருந்து அடிச்சிருக்கேன். அந்த எலை ஒண்ணுகூடக் கூடையில வரக் கூடாது. மத்தவங்ககிட்டயும் சொல்லிடு."

அவள் முகம் சுண்டியது. "எதுக்குண்ணே? அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"குளத்துல பஞ்சு வுழுதாம்."

அவள் ஓடைப் பக்கம் போய்ப் பறித்தாள். வடிவேல் தன் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

அதற்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ, வேலை முடிந்து வந்தவருக்குத் தைலம்மாள் சோறு போட்டாள். பருப்பும் ஒரு கீரை வதக்கலும். பசியோடு வந்தவர் பூண்டு வாசனையில் மயங்கி, இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில், தட்டோரம் ஒதுங்கிக் கிடந்த ஒரு முழு இலை கண்ணில் பட்டது. காம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் காது.

"இந்தக் கீரை ஏது?"

"பாலத்தடியில ஒருத்தி கூறு கட்டி வெச்சிருந்தா. பச்சைப் பசேல்னு இருந்துச்சு. மத்த கீரையெல்லாம் கைய வைக்க முடியல, இதுதான் மலிவு."

"யாரு அவ? எங்க பறிச்சதுன்னு கேட்டியா?"

"கீரைக்காரிகிட்ட ஊரு பேரு கேப்பாங்களா?"

வடிவேல் எழுந்து கொல்லைக்கு ஓடினார். அவர் வாந்தியெடுத்த சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. நான் போனபோது வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லாதபோதும் ஓங்கரிப்பு நிற்கவில்லை. தைலம்மாள் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. சட்டியில் இருந்த கீரையை வடிவேல் கொண்டுபோய்க் கோழிகூடக் கிளற முடியாத ஆழத்தில் குழி தோண்டிப் புதைத்தார்.

அந்தக் கீரை அவர் மருந்து அடித்த இடத்தில் பறித்ததா என்பது இன்றுவரை தெரியாது. உடம்புக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாக்கில் அது ருசியாக இருந்தது என்பதை அவரால் மறக்க முடியவில்லை. "கேட்டு வாங்கித் தின்னேன், ரெண்டு தடவ. என் மூக்கு ஒரு வார்த்தை சொல்லல" என்று அருவருப்போடு சொன்னார். யார் மேலுள்ள அருவருப்பு என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகாமல் தாமுவேக்குப் போய் ஜஸீலாவைப் பிடித்தார்.

"மத்தவங்ககிட்டச் சொன்னியா இல்லியா?"

"சொன்னேண்ணே. அல்லாமேல ஆணையாச் சொன்னேன். ரெண்டு மூணு பேரு கேட்டாளுங்க. மத்தவளுங்க, 'அந்தாளு தன் பொண்டாட்டிக்கு ஒதுக்கி வெச்சுக்கிட்டு நம்மள வெரட்டறான்'னு சிரிக்கறாளுங்க. ஓடைத்தண்ணி ஏறுற நேரத்துல படகுல வந்து பறிச்சுட்டுப் போறாங்க. அவங்க மூஞ்சியே எனக்குத் தெரியாது."

"வெஷம்னு சொல்லியுமா பறிக்கறாங்க?"

"எலையப் பாத்தா வாடல. மோந்து பாத்தா வாடையும் இல்ல. எப்படிண்ணே நம்புவாங்க? கெட்டுப்போன மீனுன்னா கிட்டப் போகவே மாட்டாங்க. இது என்னான்னே தெரியலையே."

வடிவேல் அங்கிருந்தே பேருந்து பிடித்து நேராக அலோனுக்குப் போனார். பழைய கிடங்கு நாட்களில் பழக்கமான கருவாட்டுக் கடையில், யாரும் வாங்காமல் கெட்டுப்போன ஙப்பி இருக்கிறதா என்று கேட்டார். கடைக்காரர் சாடியின் அடியில் நெளிந்துகொண்டிருந்ததைக் காட்டி, தோட்டத்துக்கா என்று கேட்டாராம். கொண்டோவுக்கு என்று வடிவேல் பதில் சொன்னாராம்.

மோர் புளித்தாலே மூக்கைப் பொத்துகிற மனிதர், அன்று சாயங்காலம் தம் வீட்டுக் கொல்லையில் அந்தச் சாடியில் கையை விட்டுக் கலக்கினார். மூக்கில் தைலம் தடவித் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். தெளிப்பான் அடைத்துக்கொள்ளாமல் இருக்கப் பழைய லுங்கித் துணியில் வடிகட்ட வேண்டியிருந்தது. துணியைப் பிழியும்போதெல்லாம் ஓங்கரித்தார், நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பிழிந்தார். தைலம்மாள் என் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாங்க இது, பைத்தியம் புடிச்சுருச்சா?" என்று என் ஜன்னலிலிருந்து கத்தினாள். "தெருவே காறித் துப்புது!"

"துப்பட்டும். நாளைக்கு அங்க பறிக்க வர்றவளும் துப்பணும், அதுக்குத்தான்" என்று துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

மறுநாள் விடியலில் மதில் பக்கச் செடிகள்மேல் அந்தத் தண்ணீரை அடித்தார். வெயில் ஏற ஏற அது வேலை செய்தது. படகில் வந்தவர்கள் கரையேறிய வேகத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். ஒருத்தி வாந்தியே எடுத்தாளாம். காகங்கள் மட்டும் இறங்கிப் பார்த்துவிட்டு, தின்ன ஒன்றும் இல்லையென்று பறந்தன.

வழக்கமாகக் கொண்டோவில் ஜன்னல்கள் மூடியே இருக்கும். அந்த வாரம் மின்சாரம் மணிக்கணக்கில் இல்லை. ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் தண்ணீர் ஏற்றவும்தான். குளிர்சாதனம் ஓடாமல் எல்லோரும் ஜன்னலைத் திறந்தார்கள். ஙப்பி நாற்றம் மாடி மாடியாக ஏறியது. தனசேகரனின் தொலைபேசி ஓயவில்லை. ஓடையில் ஏதோ செத்து மிதக்கிறது என்று முதலில் ஆள் அனுப்பிப் பார்த்தார். பிறகு கழிவுத்தொட்டி உடைந்துவிட்டது என்று மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் அந்த நாற்றமும் இதனோடு சேர்ந்துகொண்டது. வடிவேல் பக்கத்தில் நின்று மூடியைப் பிடித்துக் கொடுத்தார்.

மருந்து இலையை மஞ்சளாக்க ஒரு வாரமாவது ஆகும். அதுவரை நாற்றம் குறையக் கூடாது என்று தினமும் விடியலில் வந்து மறுபடி மறுபடி அடித்தார். அப்படி அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் தனசேகரன் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு பின்னால் வந்து நின்றார்.

"என்னய்யா அடிக்கறே?"

"ஙப்பித் தண்ணி, ஸயா."

"என்னது?"

"நீங்க வாங்கிக் குடுத்த மருந்துக்கு வாடை இல்ல. போர்டும் வைக்க விடல. அதான் நான் வாடை போட்டேன்."

தனசேகரனுக்குக் கோபத்தில் கைக்குட்டை நழுவியது, உடனே மறுபடி மூக்கில் அழுத்திக்கொண்டார். "யாரோ எவளோ திருடித் தின்னா உனக்கு என்னய்யா வந்துச்சு? நீயா திங்கப் போறே?"

"நான் தின்னேன் ஸயா" என்றார் வடிவேல்.

தனசேகரனுக்கு அது புரியவில்லை. டாங்கியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பவர்கள் கூட்டத்துக்கு வந்து எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். அதைப் பர்மியில் சொன்னார்.

போக வேண்டாம் என்று தைலம்மாள் தடுத்தாள். வடிவேல் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். மல்லிகை வாசனையடிக்கும் அந்தக் கீழ்க்கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஆள் ஆத்திரத்தில் செய்த காரியம் என்று தனசேகரன் கதையை முன்பின்னாக மாற்றிச் சொல்லி வைத்திருந்தார். எழுந்து பேசச் சொன்னதும் வடிவேல் பர்மியில் நேராகச் சொன்னார்.

"நாற்றம் நான் போட்டது. அது தண்ணீர் ஊற்றினால் போய்விடும். அதற்கு அடியில் இருப்பது களைக்கொல்லி. அது நீங்கள் கேட்டது. அந்த இலையை ஊரில் ஏழைகள் பறித்துத் தின்கிறார்கள். தெரியாமல் தின்னக் கூடாது என்றுதான் நாற்றம் போட்டேன்."

இனி யாராவது அந்தப் பெண்களைப் பற்றிக் கேட்பார்கள் என்று அவர் நின்றுகொண்டே இருந்தார்.

நாலாம் மாடி அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "விஷமா? குளத்துப் பக்கத்திலா? என் பேரப்பிள்ளைகள் அங்கேதானே நீந்துகிறார்கள்?" என்றார். இன்னொருவர், தன் நாய் தினமும் அந்த மதிலைச் சுற்றி ஓடுகிறதே என்றார். வேறொருவர், இது வெளியே தெரிந்தால் வீட்டு விலை என்ன ஆகும் என்று கேட்டார். மூன்றாம் மாடிக்காரர் தன் பால்கனியில் காயப்போட்ட துணிகளைத் திரும்பத் துவைக்க வேண்டுமா என்றார். எல்லோரும் ஒரே நேரத்தில் தனசேகரனைப் பார்த்துக் கத்தினார்கள். யாரும் வடிவேலைப் பார்க்கவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. அவர் மெதுவாகக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"அந்த ஙப்பிச் சாடியில கைய வுட்டப்ப இருந்த கொமட்டல் ஒண்ணுமே இல்ல" என்று அன்றிரவு என்னிடம் சொன்னார். "நல்ல வாசனைத் துணி கட்டி, நல்ல வாசனையில உக்காந்துக்கிட்டு, அவங்க பேசினதைக் கேட்டப்பதான் எனக்கு நெசமாவே வாந்தி வந்துச்சு. அடக்கிக்கிட்டேன். அவங்க தரையை எவனாவது நம்மாளுதானே தொடைக்கணும்."

வேலை போனது. கொண்டோவில் இனி எந்த மருந்தும் அடிக்கக் கூடாது என்று அந்தக் கூட்டத்திலேயே முடிவானது. ஓடைப் பக்கத்தில் மருந்து படவேயில்லை. மாதம் ஒருமுறை இயந்திரம் வைத்துப் புல் வெட்ட ஆள் ஏற்பாடு செய்தார்கள். வெட்டிய சில நாளில் முயல்செவி மறுபடி தலையெடுக்கும். பூத்துப் பஞ்சாவதற்குள் மறுபடி வெட்ட அவர்களுக்கு ஒருநாளும் முடிந்ததில்லை. சில்லைக் குருவிகள் ஓடைப் பக்கம் வந்துகொண்டுதான் இருந்தன.

தெருவில் சிலர் வடிவேலுக்குக் கைகொடுத்தார்கள். "நீங்க ஜெயிச்சுட்டீங்க" என்றார்கள். அவருக்கு அந்த வார்த்தையே கசந்தது. "அவங்க நிறுத்தினது அவங்க நாய்க்காக. நம்ம பொண்டு புள்ளைங்களுக்காகன்னு யாராவது சொன்னா செருப்பால அடிப்பேன்" என்று சொன்ன பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது அவர் தாகேதாவிலேயே தஸ்தகீர் என்பவருடைய ஆட்டுக்கொட்டிலில் வேலை செய்கிறார். ரயில் பாதையோரம் போய் மூக்குத்திப்பூ, முயல்செவி, புல் என்று கிடைத்ததை அறுத்துக்கொண்டு வந்து ஆடுகளுக்குப் போடுவது வேலை. அறுப்பதற்கு முன் அந்தப் பக்கம் குடியிருப்பவர்களிடம், இங்கே யாராவது மருந்து அடித்தார்களா என்று விசாரிக்காமல் கத்தியை எடுக்க மாட்டார். கொட்டிலில் மூத்திர வாடை தாங்க முடியாது என்று தஸ்தகீரே வாசலில் நின்று பேசுவார். வடிவேல் உள்ளே உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறார்.

போன வாரம் காலையில் அவரோடு நானும் ஓடைப் பக்கம் போயிருந்தேன். தகரவேலிக்கு அந்தப் பக்கம் ஜஸீலா கூடையோடு குனிந்து பறித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"அண்ணே, வீட்டுக்குக் கொஞ்சம் தரட்டா? இளசா இருக்கு."

"வேணாம் தங்கச்சி. மதில் பக்கம் ரொம்பப் பச்சையாத் தெரியுதே, அங்க போனியா?"

"இல்லண்ணே."

"அடுத்த மழை நல்லாக் கொட்டி, மண்ணு கழுவிப் போற வரைக்கும் போகாத. செத்த செடி மேலயே புதுசா மொளைச்சிருக்கு. பாக்க நல்லாத்தான் இருக்கும்."

"அங்கதான்ண்ணே நெறையக் கெடக்கு" என்று அவள் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"தெரியும். போகாத."

அவள் தலையாட்டிவிட்டுக் குனிந்தாள். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, போகலாம் என்றேன். வடிவேல் கேட்கவில்லை. அவள் பறித்துக்கொண்டே எந்தப் பக்கம் நகர்கிறாள் என்று வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூடை நிறைந்து, அவள் ஓடைக்கரை வழியாகவே ஏறிப் பாலத்துப் பக்கம் போன பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தார்.